தேர் நிலைக்கு வந்தாச்சு... நகர்ந்தது எவ்வளவு?

சிதம்பரத்தில் வருடத்துக்கு இரண்டு முறை தேரோட்டம். ஆனித் திருமஞ்சனத்துக்கு ஒன்று, மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கு ஒன்று. விநாயகர், முருகன், நடராஜர், சிவகாமசுந்தரி, சண்டிகேஸ்வரர் என்று ஐந்து தேர்கள். கீழ வீதியில் உள்ள தேர் நிலையில் புறப்பட்டு தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று வலம் வந்து, மறுபடியும் கீழ வீதிக்கே வந்து நிற்கும். அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் ஊருக்குள் யாரைப் பார்த்தாலும் ஒரே விசாரிப்புதான். "தேர் நிலைக்கு வந்துடுச்சா?"

வந்துவிட்டது. சரி, தேர் எவ்வளவு நகர்ந்தது?

"நாலு வீதியும் சுத்தி வந்திருக்கே!" என்பார் வடம் பிடித்துக் கை சிவந்தவர். "எங்கே நகர்ந்தது? காலையில் நின்ற இடத்திலேயே அல்லவா நிற்கிறது" என்பார், காலையில் ஊருக்குப் போய்விட்டு இரவு திரும்பி வந்தவர். இரண்டு பேர் சொல்வதும் சரி. முதலாமவர் சொல்வது தொலைவு. இரண்டாமவர் சொல்வது இடப்பெயர்ச்சி.

ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'விசையும் இயக்கமும்' பாடத்தில் வரும் இந்த இரண்டு சொற்களையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் மறுபடியும் வரும். ப்ளஸ் ஒன்னில் வெக்டர் என்ற பெயரோடு வந்து மிரட்டும். முதல் வகுப்பிலேயே சரியாகப் பிடித்துக்கொண்டால் பிறகு பயமில்லை.

இரண்டு சொல், இரண்டு கேள்வி

'எவ்வளவு தூரம் போனாய்?' என்ற கேள்விக்குப் பதில், தொலைவு. போன பாதை முழுவதையும் நூல் வைத்து அளந்தால் வரும் நீளம். வளைந்தாலும் நெளிந்தாலும், போன வழியிலேயே திரும்பி வந்தாலும், எல்லாம் கணக்கில் சேரும். பைக்கில் கிலோமீட்டர் காட்டும் மீட்டரைப் போல, அது ஏறுமே தவிர இறங்காது.

'புறப்பட்ட இடத்திலிருந்து இப்போது எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி இருக்கிறாய்?' என்ற கேள்விக்குப் பதில், இடப்பெயர்ச்சி. எந்த வழியாகப் போனாய் என்று அது கேட்பதே இல்லை. தொடக்கத்தையும் முடிவையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, அதன் நீளத்தையும் திசையையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

'பெயர்ச்சி' என்ற சொல் நம்மூர் வீடுகளுக்குப் புதிதல்ல. குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்று காலண்டரிலேயே இருக்கிறது. எந்த ராசியிலிருந்து எந்த ராசிக்கு என்பதுதானே அங்கே பேச்சு? இடப்பெயர்ச்சியும் அப்படித்தான். எங்கிருந்து, எங்கே என்ற இரண்டு மட்டும்தான் அதற்கு வேண்டும்.

இரண்டுக்கும் அலகு மீட்டர்தான். குழப்பம் ஆரம்பிக்கும் இடமும் இதுதான். அலகு ஒன்றானாலும் தொலைவுக்குத் திசை கிடையாது. எண்ணும் அலகும் இருந்தால் போதும். அதனால் அது ஸ்கேலார். இடப்பெயர்ச்சிக்குத் திசையும் வேண்டும். அதனால் அது வெக்டர். 'இடப்பெயர்ச்சி 5 கி.மீ.' என்று எழுதி நிறுத்தினால் விடை பாதிதான். 'வடகிழக்காக 5 கி.மீ.' என்றால்தான் முழு மதிப்பெண்.

நாலு வீதிக் கணக்கு

கணக்குக்காக, ஒவ்வொரு வீதியும் 500 மீட்டர் என்றும், நான்கும் சேர்ந்து சரியான சதுரம் என்றும், தேர் நிலை கீழ வீதியின் நட்டநடுவில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

தேர் புறப்பட்டுத் தென்கிழக்கு மூலைக்கு வருகிறது. தொலைவு 250 மீட்டர். இடப்பெயர்ச்சியும் தெற்கே 250 மீட்டர். நேராகப் போகிற வரை இரண்டும் ஒன்றுதான்.

தெற்கு வீதியைக் கடந்து தென்மேற்கு மூலையில் நிற்கிறது. தொலைவு 750 மீட்டர். இடப்பெயர்ச்சி? மேற்கே 500, தெற்கே 250. பிதாகரஸ் கணக்குப்படி 500-ன் வர்க்கத்தையும் 250-ன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், ஏறக்குறைய 559 மீட்டர், தென்மேற்குப் பக்கமாக.

மேல வீதியின் நடுவுக்கு வருகிறது. தொலைவு 1,000 மீட்டர் ஆகிவிட்டது. இடப்பெயர்ச்சி நேர் மேற்கே 500 மீட்டர்தான். சற்று முன் 559 ஆக இருந்தது, இப்போது குறைந்துவிட்டது! பலரையும் கையில் பேனாவோடு யோசிக்க வைக்கும் இடம் இது. தேர் முன்னே போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் இடப்பெயர்ச்சி குறையலாம்.

வடமேற்கு மூலை: தொலைவு 1,250, இடப்பெயர்ச்சி மறுபடியும் 559, இப்போது வடமேற்காக. வடகிழக்கு மூலை: தொலைவு 1,750, இடப்பெயர்ச்சி வடக்கே 250. கடைசியில் நிலை: தொலைவு 2,000 மீட்டர், இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம்.

இந்த ஒரு சுற்றிலிருந்தே மூன்று விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒன்று, இடப்பெயர்ச்சியின் அளவு ஒருபோதும் தொலைவைவிட அதிகமாகாது. இரண்டு, திசை மாறாமல் நேர்கோட்டில் போனால் மட்டும் இரண்டும் சமம். மூன்று, நகர்ந்த பொருளின் தொலைவு பூஜ்ஜியமாகாது, இடப்பெயர்ச்சி ஆகலாம்.

அப்படியானால் வடம் பிடித்தது வீணா?

கொஞ்சம் விவரமான பிள்ளை இங்கே ஒரு கேள்வி கேட்கும். "வேலை என்றால் விசை பெருக்கல் இடப்பெயர்ச்சி என்று புத்தகத்தில் இருக்கிறதே. இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம் என்றால், அத்தனை பேர் தேர் இழுத்த வேலையும் பூஜ்ஜியமா?"

நல்ல கேள்வி. பெரியவர்கள் சிலரே இதற்கு 'ஆமாம்' என்று சொல்லிவிடுவார்கள். அது தவறு.

அந்தச் சூத்திரம், விசையின் அளவும் திசையும் மாறாமல் இருக்கும்போதுதான் அப்படியே பொருந்தும். தேரோட்டத்தில் வீதிக்கு வீதி வடத்தின் திசை மாறுகிறது. தெற்கு வீதியில் மேற்கு நோக்கி இழுக்கிறார்கள். வடக்கு வீதியில் கிழக்கு நோக்கி இழுக்கிறார்கள். ஆகவே பாதையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் வேலையைக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் தேர் நகர்கிற திசையில்தான் இழுவை இருக்கிறது. எல்லாமே கூட்டல். எங்கேயும் கழித்தல் இல்லை.

தேர்ச் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே உள்ள உராய்வு, எந்த வீதியில் போனாலும் போகிற திசைக்கு எதிராகவே நிற்கும். முட்டுக்கட்டை போட்டுத் திருப்பும்போதும் அப்படித்தான். ஆகவே உராய்வை எதிர்த்துச் செய்த வேலைக்கு 2,000 மீட்டரும் கணக்கு.

புவியீர்ப்பு விசையின் கதை வேறு. அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்றி மறுபடியும் கீழே இறக்கினால், ஏறும்போது புவியீர்ப்பு செய்த எதிர் வேலையும் இறங்கும்போது செய்த நேர் வேலையும் ஒன்றையொன்று அடித்துவிடும். மொத்தம் பூஜ்ஜியம். தூக்கியவரின் முதுகுவலி மட்டும் பாக்கி!

கடலூர் - சிதம்பரம், இரண்டு டிக்கெட்

வீதியை விட்டு நெடுஞ்சாலைக்கு வரலாம். கடலூரிலிருந்து சிதம்பரம், வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் சுமார் 40 கி.மீ. தெற்கே, சற்று மேற்காகச் சாய்ந்து. சாலை வழியில், எங்கே ஏறி எங்கே இறங்குகிறோம் என்பதைப் பொறுத்து 45, 50 கி.மீ. வரும். கணக்குக்கு 48 என்று வைத்துக்கொண்டால், பஸ்ஸில் போகிறவரின் தொலைவு 48 கி.மீ. இடப்பெயர்ச்சி தெற்குப் பக்கமாக 40 கி.மீ.

பஸ் 1 மணி 20 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தால், சராசரி வேகம் மணிக்கு 36 கி.மீ. ஏனென்றால் வேகம் என்பது தொலைவை நேரத்தால் வகுப்பது. ஆனால் சராசரி திசைவேகம் தெற்குப் பக்கமாக மணிக்கு 30 கி.மீ. ஏனென்றால் திசைவேகம் என்பது இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுப்பது. ஒரே பஸ், ஒரே நேரம், இரண்டு விடை.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அன்று சாயங்காலமே கடலூர் திரும்புகிறவருக்கு இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம். சராசரி திசைவேகமும் பூஜ்ஜியம். அதற்காக, "நான் எங்கேயும் போகவே இல்லை" என்று கண்டக்டரிடம் சொல்ல முடியாது. டிக்கெட்டும் டீசலும் தொலைவைப் பார்க்கிற சாதி. டயர் தேய்வதும் அப்படியே.

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் படகு ஏறினாலும் இதே கதைதான். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே சுரபுன்னைக் காட்டுக்குள் கிளை கிளையாகப் பிரியும் கால்வாய்களில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, ஏறிய துறையிலேயே இறங்குகிறோம். துடுப்புப் போட்டவருக்குத் தொலைவு. இறங்கியவருக்கு இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம்.

திசை சொல்லாவிட்டால் என்ன ஆகும்?

பரீட்சையில் திசையை விட்டால் ஒரு மார்க் போகும். கடலில் விட்டால்?

கடலூர் துறைமுகத்திலிருந்து ஒரு ஃபைபர் படகு கிளம்பி நேர் கிழக்கே 6 கடல் மைல் போகிறது. அங்கிருந்து மீன் கூட்டத்தைத் தேடித் தெற்கே 8 கடல் மைல் போகிறது. ஒரு கடல் மைல் என்பது 1.852 கி.மீ. படகு ஓடிய தொலைவு 14 கடல் மைல். துறைமுகத்திலிருந்து இடப்பெயர்ச்சி, 6-க்கும் 8-க்கும் பிதாகரஸ் போட்டால், தென்கிழக்குப் பக்கமாக 10 கடல் மைல்.

இப்போது இன்ஜின் நின்றுவிட்டது. கரைக்குத் தகவல் சொல்ல வேண்டும். "14 கடல் மைல் ஓடி வந்திருக்கோம்" என்று சொன்னால் யாருக்கும் பயனில்லை. "துறைமுகத்திலிருந்து 10 கடல் மைலில் இருக்கோம்" என்றால்? அதுவும் போதாது. துறைமுகத்தை மையமாக வைத்து 10 கடல் மைல் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால், கடல் பக்கம் விழுகிற அரைவட்டமே 31 கடல் மைலுக்கு மேல் நீளும். அதாவது 58 கி.மீ. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு உள்ள தூரத்தைவிட நீளமான அந்த வளைவில் எங்கே என்று தேடுவது? "தென்கிழக்கே 10 கடல் மைல்" என்று திசையும் சேர்ந்தால்தான் தேடுகிற படகு நேராக வரும்.

படகில் உள்ள ஜி.பி.எஸ். கருவி இதைத்தான் சுலபமாக்குகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வைத்து, படகு இப்போது நிற்கிற அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் சொல்லிவிடுகிறது. துறைமுகத்தின் புள்ளியும் படகின் புள்ளியும் தெரிந்தால் இடப்பெயர்ச்சி கையில். அந்த எண்களைக் கடலோரக் காவல்படையின் அவசர எண்ணான 1554-க்குப் படித்துச் சொன்னாலே போதும்.

டீசல் கணக்குக்கோ தொலைவுதான் வேண்டும். வந்த வழியே திரும்பினால் மொத்தம் 28 கடல் மைல். நேராகத் துறைமுகத்துக்குத் திரும்பினால் 24. அந்த 4 கடல் மைல் வித்தியாசம் டேங்கில் தெரியும்.

புயல் அறிவிப்பில் ஒளிந்திருக்கும் பாடம்

ஐப்பசி, கார்த்திகை வந்தால் கடலூர் மாவட்டத்தில் சின்னப் பிள்ளைகூட வானிலை அறிவிப்பைக் காதுகொடுத்துக் கேட்கும். 'இன்ன ஊருக்குத் தென்கிழக்கே இத்தனை கிலோமீட்டர் தொலைவில் நிலைகொண்டுள்ளது' என்பது அறிவிப்பின் முதல் வரி. அளவு இருக்கிறது, திசை இருக்கிறது, எங்கிருந்து அளக்கிறார்கள் என்ற ஊரும் இருக்கிறது. இதன் அச்சு இடப்பெயர்ச்சி அச்சுதான். அடுத்த வரியில் 'மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் மேற்கு-வடமேற்கு திசையில் நகர்கிறது' என்பார்கள். வேகம் என்ற சொல்லைப் போட்டாலும் திசை சேர்ந்துவிட்டதால் அது திசைவேகம்.

கடலில் புயல் எவ்வளவு வளைந்து நெளிந்து வந்தது என்பது கரையில் இருப்பவருக்குக் கவலையில்லை. இப்போது எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி என்பதுதான் உயிர்க் கவலை. 2011 டிசம்பர் 30 அதிகாலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு, அந்த முதல் வரியின் அருமை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நடக்காமலே அளந்த 175 கிலோமீட்டர்

ஜி.பி.எஸ். இல்லாத காலத்தில் ஊருக்கும் ஊருக்கும் இடையே நேர்கோட்டுத் தூரத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நடுவில் ஏரி, காடு, ஆறு எல்லாம் இருக்குமே?

1802-ல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே சுமார் 12 கி.மீ. நீளத்துக்கு ஒரு கோட்டை எஃகுச் சங்கிலியால் மிகத் துல்லியமாக அளந்தார். அதன் இரண்டு முனைகளிலிருந்தும் தொலைவில் தெரிகிற மூன்றாவது இடத்தைப் பார்த்துக் கோணங்களை அளந்தார். முக்கோணத்தில் ஒரு பக்கமும் அதன் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கிலேயே கிடைத்துவிடும். நடந்து போய் அளக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தின் மேல் இன்னொரு முக்கோணம், அதன் மேல் இன்னொன்று என்று கோத்துக்கொண்டே போனார்கள்.

இப்படி முதலில் அளந்த வடக்கு-தெற்குக் கோட்டின் வட முனை சென்னைக்கு வடக்கே. தென் முனை கடலூரை அடுத்த திருவந்திபுரம். தேவநாதப் பெருமாள் கோயில் இருக்கும் அதே திருவந்திபுரம்தான். இடைவெளி ஏறக்குறைய 175 கி.மீ. அட்சரேகையில் அது 1 டிகிரி 35 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. வகுத்துப் பார்த்தால் இங்கே ஒரு டிகிரிக்கு 110 கி.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். பூமியின் வடிவத்தையும் அளவையும் கணக்கிட உதவிய எண்களில் அதுவும் ஒன்று. கருவியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு மேடு அலைந்த ஆட்களின் தொலைவு 175 கி.மீ.யோடு நின்றிருக்காது. புத்தகத்தில் ஏறியது நேர்கோடு.

போன் சொல்லும் 'அருகில்'

போனில் 'அருகில் உள்ள மருத்துவமனை' என்று தேடுகிறோம். சில செயலிகள் பட்டியலில் காட்டுவது நேர்கோட்டுத் தூரம். கெடிலம் ஆற்றின் இக்கரையில் நிற்கிறவருக்கு அக்கரையில் இருக்கிற மருத்துவமனை '800 மீட்டர்' என்று தெரியும். பாலம் இருக்கும் இடம்வரை போய்ச் சுற்றி வந்தால் அது 3 கி.மீ. ஆகலாம். நெஞ்சுவலிக்காரரை ஏற்றிக்கொண்ட வண்டிக்குச் சிறகு கிடையாது. அங்கே பார்க்க வேண்டியது பட்டியலை அல்ல, 'வழி' பொத்தானை அழுத்தியதும் வரும் சாலைத் தூரத்தையும் நேரத்தையும்.

கடலில் தவிக்கும் படகுக்கு இடப்பெயர்ச்சி. சாலையில் ஓடும் ஆம்புலன்சுக்குத் தொலைவு. எது பெரியது என்று கேட்பதற்கு இல்லை. எந்த நேரத்தில் எந்தக் கேள்வி என்று தெரிவதுதான் பாடம்.

போகிற போக்கில் ஒரு சொல்லையும் திருத்திக்கொள்ளலாம். '10 கி.மீ. சுற்றளவில் உள்ள கிராமங்கள்' என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அவர்கள் சொல்ல நினைப்பது ஆரம். சுற்றளவே 10 கி.மீ. என்றால், மையத்திலிருந்து ஓரம் 1.6 கி.மீ.தான்!

வீட்டில் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு

8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் உள்ள மொட்டைமாடியில் ஒரு பாட்டி தினமும் ஓரமாகவே நடக்கிறார். மூக்குக்கண்ணாடியை ஒரு மூலையில் கழற்றி வைத்துவிட்டு அங்கிருந்தே ஆரம்பிக்கிறார். 10 சுற்று முடித்து, பதினோராவது சுற்றில் பாதி நடந்ததும் கீழேயிருந்து பேத்தி கூப்பிடுகிறாள். பாட்டி நிற்கிறார். தொலைவு எவ்வளவு, இடப்பெயர்ச்சி எவ்வளவு?

ஒரு சுற்று 28 மீட்டர். 10 சுற்றுக்கு 280. அரைச் சுற்றுக்கு 14. ஆகத் தொலைவு 294 மீட்டர். நிற்பது எதிர் மூலையில். 8-க்கும் 6-க்கும் பிதாகரஸ் போட்டால் இடப்பெயர்ச்சி 10 மீட்டர், புறப்பட்ட மூலையிலிருந்து எதிர் மூலையை நோக்கி.

முழங்காலுக்குத் தெரிந்த கணக்கு 294. கண்ணாடியை எடுக்க மாடியின் குறுக்கே நடந்தால் 10.